வெரிகோஸ் வெயினுக்கு யார்கிட்ட போறது? சரியான டாக்டரை கண்டுபிடிக்க படிப்படியா ஒரு முழு வழிகாட்டி

நம்ம பேச்சுலயே ஒரு சிக்கல் இருக்கு. கால்ல பச்சையா நீலமா முறுக்கிக்கிட்டு புடைச்சு நிக்கிறதை நாம "நரம்பு சுருட்டிக்கிச்சு"ன்னு சொல்றோம், ஆனா அது நரம்பே இல்ல, ரத்தக்குழாய், இன்னும் சரியா சொன்னா கால்லேர்ந்து ரத்தத்தை மேல இதயத்துக்கு திருப்பி எடுத்துட்டு போற சிரை. இந்த ஒரு வார்த்தையால எத்தனை பேர் நேரா நரம்பியல் டாக்டர்கிட்ட டோக்கன் போட்டு உக்காந்திருக்காங்களோ தெரியல. நானும் போனேன். அவர் நல்ல மனுஷன், காலை பாத்துட்டு சிரிச்சுக்கிட்டே "இது என் டிபார்ட்மென்ட் இல்லைங்க"ன்னு அனுப்பி வச்சுட்டார்.

அதுக்கப்புறம்தான் உண்மையான அலைச்சல். அடுத்து போன ஒரு கிளினிக்ல என்னை படுக்க வச்சு அஞ்சு நிமிஷம் ஸ்கேன் பண்ணிட்டு, ரெண்டு காலுக்கும் லேசர், இந்த வாரமே பண்ணிடலாம்னு சொன்னாங்க. எனக்கு மனசு ஒப்பலை. இன்னொரு டாக்டர்கிட்ட போனேன், அவர் என்னை நிக்க வச்சு, தொடையிலேர்ந்து கணுக்கால் வரைக்கும் ஒவ்வொரு இடமா அழுத்தி அழுத்தி பாத்து, பேப்பர்ல கால் படம் ஒண்ணு வரைஞ்சு, பழுதானது இடது கால் மட்டும்தான், வலது கால்ல தெரியறது தோலுக்கு கீழ இருக்கற சின்ன குழாய்ங்க, அதை இப்போ தொட வேண்டாம்னு சொன்னார். அதே காலுங்க, அதே மாசம், பதில் மட்டும் வேற. அன்னைக்கு புரிஞ்சது, இந்த விஷயத்துல எந்த மெஷின்ல பண்றாங்கங்கறதை விட, எதை பண்ணணும்னு எப்படி முடிவு எடுக்கறாங்கங்கறதுதான் டாக்டரோட தரம். கீழ எழுதறது எல்லாம் அதை சுத்திதான். நான் டாக்டர் இல்ல, நோயாளியா அலைஞ்சு, படிச்சு, கேட்டு தெரிஞ்சுக்கிட்டது.

படி 1: டாக்டரை தேடறதுக்கு முன்னாடி உங்க காலை பாருங்க

நல்ல வெளிச்சத்துல ஒரு அஞ்சு நிமிஷம் நின்னுட்டு காலை பாருங்க. படுத்துக்கிட்டு பாத்தா பாதி அமுங்கிடும். சிவப்பா ஊதாவா சிலந்தி வலை மாதிரி, 1 மி.மீ-க்கும் மெல்லிசா இருந்தா அது ஸ்பைடர் வெயின். 1லேர்ந்து 3 மி.மீ வரைக்கும் நீலமா நெளிஞ்சு போனா ரெட்டிகுலர்னு சொல்வாங்க. 3 மி.மீ அதுக்கு மேல புடைச்சு கைக்கு தட்டுப்பட்டாதான் வெரிகோஸ். டாக்டருங்க இதுக்கு சி0லேர்ந்து சி6 வரைக்கும் ஒரு அளவுகோல் வச்சிருக்காங்க, 1994ல உருவாக்கி 2004லயும் 2020லயும் திருத்தினது. சி1 ஸ்பைடர், சி2 வெரிகோஸ், சி3 வீக்கம், சி4 தோல் கறுத்து தடிச்சு அரிப்பு எடுக்கறது, சி5 ஆறிப்போன புண், சி6 ஆறாத புண். உங்க ரிப்போர்ட்ல இந்த சி நம்பர் இருக்கணும். இருக்கான்னு அப்புறம் பாப்போம்.

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, சி1க்கு போக வேண்டிய இடமும் சி6க்கு போக வேண்டிய இடமும் ஒண்ணு இல்ல. வெறும் ஸ்பைடர் வெயின், வலி இல்ல, பாக்க மட்டும் அசிங்கமா இருக்குன்னா அவசரமே கிடையாது, அனுபவமுள்ள தோல் டாக்டர் கூட ஊசி போட்டு சரி பண்ணலாம். கணுக்கால் பக்கம் தோல் கறுத்துட்டு வருது, இல்ல முட்டிக்கு கீழ ஒரு புண் ரெண்டு வாரமாகியும் ஆறலைன்னா அதுக்கு ரத்தக்குழாய் ஸ்பெஷலிஸ்ட்தான், தள்ளிப்போடவே கூடாது.

ரெண்டு விஷயத்துக்கு மட்டும் இந்த தேடல் எல்லாம் வேண்டாம், உடனே எமர்ஜென்சிக்கு போங்க. ஒண்ணு, புடைச்ச சிரை உடைஞ்சு ரத்தம் கொட்டினா. படுத்து, காலை இதயத்தை விட உயரமா தூக்கி வச்சு, சுத்தமான துணியால விடாம அழுத்தி பிடிச்சுக்கிட்டே ஆள் கூப்பிடணும், நின்னுக்கிட்டு பாத்ரூம்ல கழுவிட்டு இருக்கக்கூடாது. இன்னொண்ணு, ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி கெண்டை சதை வலிச்சா, அது உள் குழாய்ல ரத்தக்கட்டியா இருக்கலாம், கூடவே மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குதுன்னா ஒரு நிமிஷம் கூட யோசிக்க கூடாது.

படி 2: எந்த வகை டாக்டர்

வாஸ்குலர் சர்ஜன், அதாவது ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை நிபுணர், இதுதான் முதல் பேரு. தமனி, சிரை ரெண்டையும் பாக்கறவர், உள் குழாய்ல பிரச்சனை இருந்தாலும் கையாள தெரிஞ்சவர். அடுத்தது இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட். ஸ்கேனை பாத்துக்கிட்டே ஊசி ஓட்டையில ட்யூபை விட்டு சிகிச்சை பண்றதுதான் இவங்க தொழிலே, சிரையை உள்ளேர்ந்து சூடு வச்சு மூடற லேசர், ரேடியோஃப்ரீக்வென்சி (ரேடியோ அலை) எல்லாம் இவங்க கைக்கு ரொம்ப பழக்கமானது. ஜெனரல் சர்ஜன்கள்லயும் இதை வருஷக்கணக்கா பண்ணி நல்லா கை தேர்ந்தவங்க இருக்காங்க, அவங்களை ஒதுக்க வேண்டாம், ஆனா அவரோட வாராந்திர வேலையில வெரிகோஸ் எவ்வளவு பங்குன்னு கேக்கணும். குடலிறக்கம், பித்தப்பைக்கு நடுவுல எப்பவாவது ஒண்ணு பண்றவரா, இல்ல இதையே பிரதானமா பண்றவரா?

அழகு சிகிச்சை சென்டர்கள்ல "வெயின் லேசர்"னு போர்டு இருக்கும். அங்க பெரும்பாலும் தோலுக்கு மேலேர்ந்து அடிக்கற லேசர், அது ஸ்பைடர் வெயினுக்கு ஓரளவு வேலை செய்யும், ஆனா உள்ள பெரிய சிரையோட வால்வு பழுதாகி ரத்தம் கீழ கொட்டிக்கிட்டு இருந்தா மேல எவ்வளவு அடிச்சாலும் திரும்ப வரும். ஓட்டை டேங்க்ல இருக்கு, நாம தரையை துடைச்சுக்கிட்டு இருக்கோம். ரெண்டுக்குமே லேசர்னுதான் பேரு, அதான் ஜனங்க ஏமாந்து போறாங்க.

படி 3: படிப்பும் பதிவும் சரி பாருங்க

எந்த நாடா இருந்தாலும் டாக்டர்களுக்கு ஒரு மெடிக்கல் கவுன்சில் பதிவேடு இருக்கும், நிறைய இடத்துல ஆன்லைன்லயே பேரை போட்டு தேடலாம். பதிவு நடப்புல இருக்கா, என்ன ஸ்பெஷாலிட்டி போட்டிருக்கு, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது இருக்கான்னு பாருங்க, பத்து நிமிஷ வேலை. பேருக்கு பின்னாடி ஒரு முழம் எழுத்து இருக்கும், அதுல எது வருஷக்கணக்கான பயிற்சி, எது ரெண்டு நாள் ஒர்க்‌ஷாப் சர்டிஃபிகேட்னு பிரிச்சு பாக்கணும். தெரியலைன்னா அவர்கிட்டயே கேக்கலாம், "டாக்டர், இந்த ட்ரெய்னிங் எங்க, எத்தனை வருஷம்?" தப்பே இல்ல. ஒழுங்கா படிச்சவருக்கு இந்த கேள்வி பிடிக்கும், முகம் சுருங்கினா அதுவும் ஒரு பதில்தான்.

ஸ்கேன் எடுக்கறவரோட தகுதியும் அதே அளவு முக்கியம். ஆர்.வி.டி-ன்னு ரத்தக்குழாய் ஸ்கேன் எடுக்கற டெக்னீஷியனுக்கும், ஆர்.பி.வி.ஐ-ன்னு அந்த ஸ்கேனை படிச்சு சொல்ற டாக்டருக்கும் தனித்தனியா சான்றிதழ் இருக்கு. எல்லா நாட்லயும் எல்லார்கிட்டயும் இருக்காது, இல்லைன்னா மட்டம்னு அர்த்தம் இல்ல, இருந்தா ஒரு ப்ளஸ். இல்லாத இடத்துல "கால் சிரை ஸ்கேன் வாரத்துக்கு எத்தனை எடுப்பீங்க"ன்னு கேட்டாலே போதும்.

இன்னொண்ணு, கன்சல்டிங்ல பேசறவர்தான் தியேட்டர்லயும் கைய வைப்பாரான்னு கேளுங்க. பெரிய பேர் போட்டோவுல இருப்பார், ட்யூபை விடறது வேற யாரோவா இருக்கும். ஜூனியர் பண்றது குத்தம் இல்ல, கூட யார் நிப்பாங்கன்னு நமக்கு முன்னாடியே தெரியணும், அவ்வளவுதான்.

படி 4: ஸ்கேன். இங்கதான் டாக்டர் யாருன்னு தெரியும்

இந்த பகுதியை மட்டும் நிதானமா படிங்க, மத்ததை வேகமா புரட்டிட்டு போனாலும் பரவால்ல.

வெரிகோஸ்க்கு அடிப்படை டெஸ்ட் டூப்ளெக்ஸ் அல்ட்ராசவுண்ட். குழாயோட படமும் தெரியும், உள்ள ரத்தம் எந்த பக்கம் ஓடுதுன்னும் தெரியும். கால் சிரைக்குள்ள வால்வுங்க இருக்கு, ரத்தம் மேல போகும்போது திறந்து, கீழ விழ பாக்கும்போது மூடிக்கணும். அது சரியா மூடாம ரத்தம் திரும்ப கீழ வர்றதைத்தான் ரிஃப்ளக்ஸ்னு சொல்றாங்க. கையால கெண்டை சதையை அழுக்கி விட்டா ரத்தம் மேல ஏறும், கையை எடுத்ததும் எவ்வளவு நேரம் கீழ்நோக்கி ஓடுதுன்னு மெஷின் காட்டும். தோலுக்கு அடியில இருக்கற சிரையில அரை வினாடிக்கு மேல திரும்ப ஓடினா ரிஃப்ளக்ஸ், தொடையிலயும் முட்டிக்கு பின்னாடியும் இருக்கற பெரிய உள் சிரையில 1 வினாடிக்கு மேலன்னு கணக்கு.

இப்போ யோசிங்க, இது புவியீர்ப்புக்கு எதிரா ரத்தம் ஏறி இறங்கற கதை. படுத்துட்டா அந்த இழுப்பே இல்ல. அதனால நிக்க வச்சு, அந்த காலோட பாரத்தை இன்னொரு கால்ல போட சொல்லிதான் ரிஃப்ளக்ஸ் பாக்கணும், நிக்க முடியாதவங்களுக்கு மேசையை தலைப்பக்கம் நல்லா உயர்த்தி சாய்ச்சு பாப்பாங்க. தட்டையா படுக்க வச்சு மட்டும் பாத்துட்டு வால்வு போச்சுன்னு ஒருத்தர் முடிவு சொன்னா, அந்த இடத்துலயே ஒரு கேள்விக்குறி போட்டுக்கங்க. என்னோட முதல் கிளினிக் பண்ணது அதைத்தான், அப்போ எனக்கு தெரியல.

என்னென்ன பாத்திருக்கணும்னா, காலோட உள்பக்கமா கணுக்கால்லேர்ந்து கவட்டை வரைக்கும் போற கிரேட் சஃபீனஸ், கெண்டைக்கு பின்னாடி போற ஸ்மால் சஃபீனஸ், அதுங்க உள் சிரையோட சேர்ற முச்சந்தி, நடுவுல மேல் சிரையையும் உள் சிரையையும் இணைக்கற பெர்ஃபரேட்டர், எல்லாத்தோட அகலம் எத்தனை மி.மீ, எந்த இடத்துலேர்ந்து எந்த இடம் வரைக்கும் ரிஃப்ளக்ஸ். அதோட உள் சிரை திறந்திருக்கா, பழைய ரத்தக்கட்டி அடைச்சிருக்கான்னு கண்டிப்பா இருக்கணும். ஏன்னா உள் சிரை அடைஞ்சு போயிருந்தா மேல புடைச்சிருக்கற அந்த சிரைதான் மாத்துப்பாதையா ரத்தத்தை கொண்டு போய்க்கிட்டு இருக்கும், அதை போய் மூடினா காலுக்கு நிலைமை மோசமாகும். இதை பாக்காம லேசர் தேதி குறிக்கறவர்கிட்டேர்ந்து செருப்பை மாட்டிக்கிட்டு கிளம்பிடுங்க.

நல்ல இடத்துல இதை வரைபடமா போட்டு குடுப்பாங்க, கால் படம், அதுல எங்க எங்க பழுதுன்னு கோடு. மேப்பிங்னு சொல்வாங்க. அந்த பேப்பரை கேட்டு வாங்குங்க, அது உங்க சொத்து, அடுத்த டாக்டர்கிட்ட போகும்போது அதுதான் பேசும். ரெண்டு காலையும் முழுசா பாக்க அரை மணி நேரமாவது ஆகும், அஞ்சு நிமிஷத்துல முடியற வேலை இல்ல.

பெண்களுக்கு ஒரு விஷயம் சேர்த்து சொல்லணும். பிரசவத்துக்கு அப்புறம் பிறப்புறுப்பு பக்கத்துலயோ தொடையோட பின்பக்கம் மேலயோ சிரை புடைச்சிருந்தா, ஊற்று இடுப்புக்குள்ள இருக்கற சிரையா இருக்கலாம். கூச்சத்துல இதை சொல்லாம விட்டுடறாங்க, டாக்டரும் கேக்க மாட்டேங்கறாங்க, கடைசில காலுக்கு மட்டும் பண்ணிட்டு திரும்ப வந்துடுச்சேன்னு புலம்பல். கேக்கற டாக்டர் கிடைச்சா விடாதீங்க. கர்ப்பமா இருக்கும்போது புதுசா வந்ததுன்னா குழந்தை பொறந்து சில மாசத்துல தானா நிறைய குறையும், அந்த நேரத்துல யாராவது இப்பவே மூடிடலாம்னா வேணாம்னு சொல்லுங்க.

அப்புறம் கால் நாடி. பாதத்துல விரல் வச்சு துடிப்பு பாக்கணும், சர்க்கரை இருக்கறவங்க, புகை பிடிக்கறவங்க, வயசானவங்களுக்கு கணுக்கால்லயும் கையிலயும் பிரஷர் எடுத்து ஒப்பிட்டு பாக்கணும். பாதத்துக்கு வர்ற ரத்தமே கம்மியா இருக்கும்போது இறுக்கமான ஸ்டாக்கிங் (காலை அழுத்திப் பிடிக்கற நீள சாக்ஸ்) மாட்டிவிட்டா விரலுக்கே ஆபத்து. இதை பாக்காம ஸ்டாக்கிங் மட்டும் எழுதி குடுத்து அனுப்பறவங்க நிறைய.

படி 5: அவர்கிட்ட எத்தனை வழி இருக்கு

ஒரே ஒரு மெஷின் வச்சிருக்கறவருக்கு வர்ற கால் எல்லாம் அந்த மெஷினுக்கு ஏத்த காலாத்தான் தெரியும். அதனால ஒவ்வொரு முறையும் எதுக்குன்னு நமக்கு கொஞ்சம் தெரிஞ்சிருந்தா நல்லது.

சூடு வச்சு மூடறது, அதாவது லேசர் இல்ல ரேடியோஃப்ரீக்வென்சி. ஊசி ஓட்டை வழியா ட்யூபை விட்டு, உள் சிரையோட சேர்ற இடத்துக்கு சுமார் 2 செ.மீ கீழ நிறுத்தி, சுத்தி மரத்துப்போற மருந்து கலந்த தண்ணியை ஸ்கேன் பாத்துக்கிட்டே நிறைய ஏத்தி, அப்புறம் சூடு. அந்த தண்ணி வலிக்கு மட்டும் இல்ல, தோலையும் நரம்பையும் சூட்டுலேர்ந்து தள்ளி வைக்கறதே அதுதான். ரேடியோஃப்ரீக்வென்சியில பொதுவா 7 செ.மீ நீளத்தை 120 டிகிரியில 20 வினாடி சுட்டு, அடுத்த துண்டுக்கு இறங்குவாங்க. லேசரா ரேடியோவான்னு மண்டையை உடைச்சுக்க வேண்டாம், மூடற வேலையை ரெண்டும் நல்லாவே செய்யும். எந்த அலைநீளம், எந்த மாடல்னு விளம்பரத்துல போடறதை விட, பண்றவர் கையில எத்தனை கால் ஓடியிருக்குங்கறதுதான் முக்கியம்.

ஃபோம் ஊசி, மருந்தை நுரையாக்கி உள்ள விடறது. ரொம்ப வளைஞ்சு நெளிஞ்சு ட்யூப் போக முடியாத சிரைக்கு, முன்னாடி ஆபரேஷன் பண்ணி திரும்ப வந்தவங்களுக்கு, புண் பக்கத்துல இருக்கறதுக்கு ரொம்ப உபயோகம். பெரிய சிரையில மட்டும் தனியா பண்ணா திரும்ப திறக்கற வாய்ப்பு சூட்டு முறையை விட அதிகம், ரெண்டு மூணு தடவை தேவைப்படலாம், தோல்ல பழுப்பு கறை மாசக்கணக்குல நிக்கலாம். ஒற்றை தலைவலி வர்றவங்க, இதயத்துல பிறவி ஓட்டை இருக்கறவங்க முன்னாடியே சொல்லணும்.

பசை, சயனோஅக்ரிலேட் க்ளூ. சூடும் இல்ல, சுத்தி நிறைய ஊசியும் இல்ல, முட்டிக்கு கீழ நரம்பு ஒட்டி ஓடற இடத்துல இது வசதி. ஆனா அந்த பசை உள்ளயே தங்கும், சிலருக்கு சிவந்து அரிச்சு அலர்ஜி மாதிரி வரும், பசை பிளாஸ்திரி ஒத்துக்காதவங்க சொல்லியே ஆகணும். இதை தானா கேக்கற டாக்டரை எனக்கு பிடிக்கும்.

வெளிய புடைச்சு நிக்கற கிளைகளை சின்ன சின்ன கீறல்ல கொக்கி மாதிரி கருவி விட்டு எடுக்கறது ஃப்ளெபெக்டமி. பெரிய சிரையை மூடின அன்னைக்கே பண்ணலாம், இல்ல சில வாரம் விட்டு, தானா சுருங்கினது போக மிச்சத்தை மட்டும் எடுக்கலாம், ரெண்டுக்கும் நியாயம் இருக்கு, அவர் எதை ஏன் சொல்றார்னு கேளுங்க. பழைய முறை ஆபரேஷன், சிரையை உருவி எடுக்கற ஸ்ட்ரிப்பிங், செத்துப் போகலை, சில காலுக்கு இன்னும் அதுதான் சரி.

பிரிட்டன்ல நைஸ்னு ஒரு அரசு அமைப்பு 2013ல வெளியிட்ட வழிகாட்டியில வரிசை தெளிவா இருக்கு: ரிஃப்ளக்ஸ் உறுதியானா முதல்ல சூட்டு முறை, அது ஒத்துவரலைன்னா ஸ்கேன் பாத்துக்கிட்டே ஃபோம், அதுவும் இல்லைன்னா ஆபரேஷன், இது எதுவுமே பொருந்தாதவங்களுக்குதான் ஸ்டாக்கிங் மட்டும். உங்க டாக்டர் இந்த வரிசையை மாத்தி சொன்னா தப்புன்னு இல்ல, உங்க காலுக்கு ஏன் மாத்தறார்னு அவரால ரெண்டு வரியில சொல்ல முடியணும்.

ஆறாத புண் இருக்கறவங்களுக்கு தனியா ஒண்ணு. "முதல்ல புண் ஆறட்டும், அப்புறம் சிரையை பாப்போம்"னு சொல்றது பழைய வழக்கம். எவ்ரா ஆய்வுன்னு 450 பேரை வச்சு பிரிட்டன்ல பண்ணி 2018ல வெளிவந்ததுல, கட்டு போடறதோட சேர்த்து சீக்கிரமே சிரையையும் மூடினவங்கள்ல பாதி பேருக்கு 56 நாள்ல புண் ஆறிடுச்சு, தள்ளிப்போட்டவங்கள்ல பாதி பேருக்கு ஆற 82 நாள் ஆச்சு. காத்திருக்க சொல்றவர்கிட்ட காரணம் கேளுங்க, நியாயமான காரணமும் இருக்கலாம்.

படி 6: எதிர்ல உக்காந்து பேசும்போது

நீங்க கேக்கறதுக்கு முன்னாடி அவங்க கேக்க வேண்டியது நிறைய இருக்கு. முன்னாடி ரத்தக்கட்டி வந்திருக்கா, வீட்ல யாருக்காவது வந்திருக்கா, கருத்தடை மாத்திரையோ ஹார்மோன் மாத்திரையோ சாப்பிடறீங்களா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறீங்களா, மரத்துப்போற ஊசி ஒத்துக்குமா, கேன்சர் சிகிச்சை நடக்குதா, ரொம்ப தூர பயணம் வரப்போகுதா. இது ஒண்ணு கூட கேக்காம தேதி குடுக்கறாங்கன்னா அங்க நீங்க ஒரு கால் மட்டும்தான்.

உங்க பக்கத்துலேர்ந்து நான் கேக்க சொல்றது இதுதான்: ஒண்ணுமே பண்ணாம விட்டா என்ன ஆகும்? இந்த முறையை நீங்க இதுவரைக்கும் எத்தனை பண்ணியிருப்பீங்க? உங்க கையில என்ன தப்பா போயிருக்கு, அப்போ என்ன பண்ணீங்க? திரும்ப வர எவ்வளவு வாய்ப்பு? கடைசி ரெண்டு கேள்விதான் உரைகல். தோல்ல கறை, காலோட உள்பக்கம் மரத்துப்போறது, மூடின சிரையில தடிப்பு, சிலருக்கு ரத்தக்கட்டி உள் சிரைக்குள்ள எட்டி பாக்கறது, சில வருஷத்துல புதுசா வேற சிரை புடைக்கறது, இதெல்லாம் நல்ல கையிலயும் நடக்கும். நடந்ததே இல்லைன்னு சொல்றவர் ஒண்ணு ரொம்ப கம்மியா பண்ணியிருப்பார், இல்ல முடிஞ்சதும் யாரையும் திரும்ப பாக்கறதே இல்ல. "நூறு சதவீதம் கேரண்டி, வலியே இருக்காது, இனிமே வரவே வராது" இந்த மூணுல ஒண்ணு காதுல விழுந்தாலும் பர்ஸை இறுக்கி பிடிச்சுக்கங்க.

கால் வலி எல்லாமே வெரிகோஸ் இல்லங்கறதையும் நல்ல டாக்டர் சொல்வார். முட்டி தேய்மானம், முதுகுல நரம்பு அழுத்தம், இதுக்கும் கால் வலிக்கும். சாயங்காலம் பாரமா இருந்து காலை தூக்கி வச்சா குறையற வலிக்கும், நடந்தா இடுப்புலேர்ந்து இழுக்கற வலிக்கும் வித்தியாசம் கேட்டு பிரிக்கணும். இல்லைன்னா சிரையை மூடின பிறகும் வலி அப்படியே இருக்கும், நீங்க லேசரை திட்டிக்கிட்டு இருப்பீங்க.

படி 7: செய்யற இடம்

பெரும்பாலும் காலையில போய் மதியம் நடந்து வீட்டுக்கு வந்துடற வேலை, அதுக்காக எந்த ரூம்லயும் பண்ணலாம்னு இல்ல. ஸ்கேன் மெஷின் தியேட்டருக்குள்ளயே இருக்கணும். அலர்ஜி மயக்கம் வந்தா சமாளிக்க மருந்து, ஆக்சிஜன், அதை பயன்படுத்த தெரிஞ்ச ஆள் இருக்கணும். லேசர்னா உங்களுக்கும் அவங்களுக்கும் கண்ணாடி.

இதுல யாரும் வாய் திறந்து கேக்காத ஒரு விஷயம், லேசர் ஃபைபரும் ரேடியோ ட்யூபும் ஒரு ஆளுக்கு ஒரு தடவைன்னு தயாரிக்கறது. விலை ஜாஸ்திங்கறதால கழுவி திரும்ப பயன்படுத்தற பழக்கமும் உண்டு. "எனக்கு சீல் பிரிக்காததை முன்னாடியே காட்டுங்க, ஸ்டிக்கரை ஃபைல்ல ஒட்டுங்க"ன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. நான் சொன்னப்போ அந்த நர்ஸம்மா ஆச்சரியமே படலை, எங்க வழக்கமே அதுதாங்கன்னாங்க. நிம்மதியா இருந்தது.

படி 8: காசும் இன்ஷூரன்ஸும்

எழுதி வாங்குங்க. ஒரு காலுக்கா, ஒரு சிரைக்கா, ஒரு சிட்டிங்குக்கா? ஸ்கேன், ஸ்டாக்கிங், மருந்து, அடுத்த செக்கப், மிச்ச கிளைகளுக்கு போடற ஃபோம் இதெல்லாம் உள்ளயா வெளியவா? கம்மி தொகையில ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா ஏறிக்கிட்டே போறது இந்த துறையில ரொம்ப சகஜம். இன்ஷூரன்ஸ் கம்பெனிங்க அழகுக்காகன்னு சொல்லி தள்ளிவிட பாப்பாங்க, அதனால உங்க தொந்தரவு, சி நம்பர், ரிஃப்ளக்ஸ் வினாடி எல்லாம் ரிப்போர்ட்ல தெளிவா இருக்கணும், சில பாலிசியில முதல்ல கொஞ்ச மாசம் ஸ்டாக்கிங் போட்டு பாத்திருக்கணும்னும் கேப்பாங்க, பண்றதுக்கு முன்னாடியே அனுமதி வாங்கிடுங்க. இன்னைக்கே புக் பண்ணா தள்ளுபடின்னு சொன்னா எழுந்துடலாம். சி2-ல இருக்கற கால் ஒரு மாசம் யோசிச்சா ஒண்ணும் ஆகிடாது.

படி 9: ரெண்டாவது கருத்து எப்போ

எல்லாத்துக்கும் வேண்டாம். ஆனா தொந்தரவே இல்லாத காலுக்கும் சேர்த்து பண்ண சொன்னா, முன்னாடி ரத்தக்கட்டி வந்திருந்தா, ஏற்கெனவே ஆபரேஷன் பண்ணி திரும்ப வந்திருந்தா, இடுப்பு சிரையில ஸ்டென்ட் (குழாயை திறந்து வைக்கற வலைக்குழாய்) வைக்கணும்னு சொன்னா, இந்த நாலுலயும் கட்டாயம் இன்னொருத்தரை பாருங்க. முதல் டாக்டர் சொன்ன முடிவை வாயால சொல்லாதீங்க, அந்த மேப்பை குடுங்க, இல்ல அதுவும் வேண்டாம் புதுசா ஸ்கேன் பண்ண சொல்லுங்க, அப்புறம் ரெண்டையும் பக்கத்துல வச்சு பாருங்க.

படி 10: முடிஞ்ச பிறகு யார் பொறுப்பு

இதை பண்றதுக்கு முன்னாடியே பேசி முடிச்சுக்கணும். அன்னைக்கே நடக்க சொல்வாங்க, நடக்கணும், படுத்தே கிடக்கறதுதான் தப்பு. ஸ்டாக்கிங் எத்தனை நாள்ங்கறதுல டாக்டருக்கு டாக்டர் வித்தியாசம் இருக்கும், சில நாள்லேர்ந்து ரெண்டு வாரம் வரைக்கும் சொல்றாங்க, அதுல சண்டை போட வேண்டாம். சூடு வச்ச பிறகு கட்டி உள் சிரைக்குள்ள நீண்டிருக்கா, சிரை மூடியிருக்கான்னு பாக்க எப்போ திரும்ப ஸ்கேன், யார் பண்ணுவாங்க, அதுக்கு தனி காசான்னு கேளுங்க. சில மாசம் கழிச்சு ஒரு தடவை பாக்கறது இன்னும் நல்லது, மூடினது மூடியபடி இருக்கான்னு அப்பதான் தெரியும்.

தொடை உள்பக்கம் கயிறு மாதிரி இழுக்கறது, கன்னிப்போய் நீலமா இருக்கறது, லேசா வலிக்கறது, இது எல்லாம் வழக்கமா வர்றதுதான். கெண்டை கல்லு மாதிரி வீங்கறது, காய்ச்சல், ஓட்டை போட்ட இடத்துல சீழ், மூச்சு திணறல், இது வழக்கமானது இல்ல. இது ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா யாருக்கு போன் பண்ணணும், ரிசப்ஷன் நம்பர் இல்ல, ராத்திரியில எடுக்கற நம்பர், அதை டிஸ்சார்ஜ் பேப்பர்ல எழுதி வாங்கி, வாசல் தாண்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை அடிச்சு மணி போகுதான்னு பாத்துட்டு கிளம்புங்க.